மாதிரியில் தொடங்கும் தொழில்

கோல சிலாங்கூர் வட்டாரத்திற்கு வருவோர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஜெராமில் கருவாடும் கடலுணவும் வாங்குகின்றனர். செகிஞ்சானில் அரிசியும் மாம்பழமும் வாங்குகின்றனர். தீபாவளி நெருங்கும்போது புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களின் வீட்டுச் சமையலறைகளில் முறுக்கு பிழியும் வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். அடுப்பிலிருந்து இறங்கும் பலகாரம் புட்டிகளில் அடைக்கப்பட்டுக் கடைக்குச் செல்கிறது.

வாங்குபவரின் கண்ணில் முதலில் படுவது முறுக்கு அன்று. புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள். சுவை எப்படி இருக்கும் என்பதைப் புட்டியைத் திறந்த பிறகே அறிய முடியும். கையை நீட்டி எடுக்கலாமா வேண்டாமா என்பதை அந்தச் சிறு தாளே முடிவு செய்கிறது. அந்தத் தாள் அச்சகத்திற்குப் போகும் முன் அதனைப் பலமுறை வரைந்து, வெட்டி, ஒட்டிப் பார்த்தவர்கள் உண்டு. அவர்கள் செய்யும் வேலையே மாதிரியுரு வடிவமைப்பு. ஓர் அறை, ஒரு கணினி, ஒரு கத்தரிக்கோல் ஆகியவற்றோடு கணவனும் மனைவியும் சேர்ந்து தொடங்கக்கூடிய தொழில் இது. உலகப் புகழ்பெற்ற சில வடிவமைப்பு நிறுவனங்களும் அப்படித்தான் தொடங்கின.

மாதிரியுரு என்பது என்ன?

ஒரு பொருளை முழு அளவில், பெரும் எண்ணிக்கையில் உருவாக்கும் முன், அது எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகச் செய்யப்படும் உருவமே மாதிரியுரு. வடிவமைப்பாளர்கள் இதனை ‘மாக்கப்’ என்பர். அட்டையாலோ களிமண்ணாலோ கணினிப் படமாகவோ இது அமையலாம். மாதிரியுரு உண்மைப் பொருளைப் போல் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதன் அளவு, தோற்றம், வண்ணம் ஆகியவற்றைக் கண்முன் நிறுத்தினால் போதும்.

இந்தப் பழக்கம் தமிழருக்குப் புதியது அன்று. சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் முதலில் மெழுகால் சிலையை உருவாக்குகின்றனர். அதன் மேல் மண்ணைப் பூசி உலர்த்திச் சூடாக்கினால் உள்ளிருக்கும் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் ஊற்றப்படுகிறது. மெழுகில் விரல் சற்று வளைந்துவிட்டால் அதைச் சரிசெய்வது எளிது. உலோகத்தில் வளைந்துவிட்டால் சிலையையே மீண்டும் வார்க்க நேரிடலாம். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்வோரும் சேலையின் கரையை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைந்து பார்த்த பிறகே தறியில் ஏற்றுகின்றனர்.

இரண்டு தொழில்களிலும் அடிப்படை ஒன்றுதான். தவறு நேராமல் இருக்காது. நேரும் தவறு மலிவான இடத்தில் நேரட்டும் என்பதே மாதிரியின் நோக்கம். இதைச் சிறிய கணக்கு ஒன்றால் விளக்கலாம். ஒரு லேபிளை அச்சிட 30 சென் செலவாகும் எனக் கொள்க. 1,000 லேபிள்களுக்கு 300 ரிங்கிட் ஆகும். அவற்றில் ஓர் எழுத்து பிழையாகிவிட்டால் 300 ரிங்கிட்டும் குப்பைக்குப் போகும். அதே பிழையை வீட்டு அச்சுப்பொறியில் எடுத்த ஒரு தாளில் கண்டுபிடித்துவிட்டால் இழப்பு ஒரு தாள் மட்டுமே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறைக்கு மட்டும் உரிய பழமொழி அன்று.

கணினித் திரையும் கண்ணாடிப் புட்டியும்

இன்று பெரும்பாலான மாதிரியுருக்கள் கணினியில் உருவாகின்றன. வெறும் புட்டியின் படம் ஒன்றின் மேல் லேபிளின் வடிவத்தைப் பொருத்தினால், வளைவு, நிழல், ஒளி ஆகியவற்றோடு உண்மையான புட்டி போலவே திரையில் தோன்றும். வாடிக்கையாளருக்கு அதைக் கைப்பேசியில் அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். ஆயினும், திரையில் அழகாகத் தெரியும் வடிவம் கையில் எடுக்கும்போது மூன்று வழிகளில் ஏமாற்றலாம்.

முதலாவது, அளவு. லேபிள் திரையில் தட்டையாகத் தெரிகிறது, புட்டியோ உருண்டையானது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள புட்டியின் சுற்றளவு ஏறக்குறைய 31 சென்டிமீட்டர். நேராக நின்று பார்ப்பவர் அதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது ஏறக்குறைய 10 சென்டிமீட்டரை மட்டுமே எளிதாகப் படிக்க முடியும். பொருளின் பெயரை 20 சென்டிமீட்டர் நீளத்திற்குப் பெரிதாக எழுதினால், கடையில் நிற்பவர் கண்ணில் பாதிப் பெயர்தான் படும். தாளை வெட்டிப் புட்டியில் சுற்றி ஒட்டி, இரண்டடி தள்ளி வைத்துப் பார்த்தால் இக்குறை நொடியில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, வண்ணம். திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து வண்ணங்களைக் காட்டுகிறது. அச்சகம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளைக் கலக்கிறது. ஒளியால் காட்ட முடிந்த சில வண்ணங்களை மையால் காட்ட இயலாது. திரையில் பளிச்சிடும் வாழையிலைப் பச்சை, தாளில் மங்கிப்போவதற்கு இதுவே காரணம். எனவே, அனுபவமுள்ள வடிவமைப்பாளர் அச்சகத்திலேயே ஒரு படி எடுத்துப் பார்த்த பிறகுதான் சம்மதம் தெரிவிப்பார்.

மூன்றாவது, எழுத்து. தமிழில் வடிவமைப்போருக்கு இது தனிச் சிக்கல். ‘கொ’, ‘தே’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் மெய்யைச் சுற்றி அமைகின்றன. தமிழ் எழுத்துகளை முறையாகக் கையாளாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்காமல் பின்னே போய்விடும். சில வேளைகளில் புள்ளி காணாமல் போகும். சில வேளைகளில் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் தோன்றும். வடிவமைப்பாளரின் கணினியில் சரியாக இருந்த சொல், அதே எழுத்துரு இல்லாத அச்சகக் கணினியில் சிதைந்துபோவதும் உண்டு. அச்சகத்தில் வேலை செய்பவர் தமிழ் அறியாதவராக இருந்தால் பிழை அவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் கோப்பை அனுப்பும் முன் எழுத்துகளை வரைகோட்டு வடிவமாக மாற்றிவிடுகின்றனர். அவ்வாறு மாற்றிய பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து உருமாறாது. மாற்றும் முன் ஒவ்வொரு சொல்லையும் இருவர் தனித்தனியே படித்துப் பார்ப்பது நல்லது. எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை எளிதில் தெரியாது.

இவற்றோடு சட்டத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும். 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறை விதிகளின்படி, உணவுப் பொருளின் பெயர், அடங்கியுள்ள பொருள்கள், நிகர எடை, தயாரிப்பாளரின் பெயர், முகவரி போன்ற விவரங்கள் லேபிளில் இடம்பெற வேண்டும். உள்நாட்டில் தயாராகும் உணவுக்கு இவ்விவரங்களை மலாய் மொழியில் எழுத வேண்டும். பிற மொழிகளில் மொழிபெயர்ப்பும் சேர்க்கலாம். அழகுக்காக வரையும் பூங்கொடி இந்த விவரங்களுக்கான இடத்தை அடைத்துவிட்டால், லேபிள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

ஈம்ஸ் தம்பதியரின் படுக்கையறைப் பட்டறை

மாதிரி செய்து பார்ப்பதையே வாழ்க்கை முறையாகக் கொண்ட தம்பதியர் அமெரிக்காவின் சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் ஆவர். 1907இல் பிறந்த சார்ல்ஸ் கட்டடக் கலை பயின்றவர். 1912இல் பிறந்த ரே, நியூயார்க்கில் ஓவியம் கற்றவர். மிச்சிகன் மாநிலத்தின் கிரான்புரூக் கலைக்கழகத்தில் 1940இல் சந்தித்த இருவரும் மறு ஆண்டு திருமணம் செய்துகொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடியேறினர்.

அவர்களிடம் அப்போது பட்டறை இல்லை. பகலில் சார்ல்ஸ் திரைப்பட நிறுவனம் ஒன்றில் அரங்கமைப்பு வேலை செய்தார். மாலையில் வாடகை வீட்டின் ஓர் அறையில் இருவரும் ஒட்டுப்பலகையை வளைக்கும் சோதனையில் இறங்கினர். மெல்லிய மரத்தகடுகளைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டுப்பலகை கிடைக்கும். அதைத் தட்டையாக அழுத்துவது எளிது. மனித உடலின் வளைவுக்கேற்ப வளைப்பது கடினம். அதற்காக அவர்கள் பழைய மரச்சட்டம், சுதைமண் அச்சு, மின்கம்பிச் சுருள் ஆகியவற்றைக் கொண்டு தாங்களே ஒரு கருவி செய்தனர். சைக்கிள் பம்பால் ஒரு பையில் காற்றடித்து, மரத்தகடுகளை அச்சோடு அழுத்தினர். பசை இறுகும்வரை நான்கு முதல் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மந்திரக்காரர் தொப்பியிலிருந்து முயலை எடுப்பதுபோல் வளைந்த பலகை வெளிவந்ததால், அந்தக் கருவிக்குக் ‘கசாம்’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டனர்.

அந்தச் சோதனைக்கு எதிர்பாராத திசையிலிருந்து பயன் வந்தது. இரண்டாம் உலகப் போரில் கால் முறிந்த வீரர்களைத் தூக்கிச் செல்லும்போது உலோகச் சிம்புகளைக் கட்டுவது வழக்கமாக இருந்தது. முறிந்த எலும்பு அசையாதிருக்கக் கட்டப்படும் தாங்கியே சிம்பு. உலோகச் சிம்பு அதிர்வைத் தாங்காமல் காயத்தை மேலும் மோசமாக்கியது. ஈம்ஸ் தம்பதியர் சார்ல்ஸின் காலையே அச்செடுத்து, ஒட்டுப்பலகையால் மாதிரிச் சிம்பு ஒன்றை உருவாக்கினர். எடை குறைந்ததும் கால் வளைவோடு பொருந்தியதுமான அந்தச் சிம்பை 1942இல் அமெரிக்கக் கடற்படை ஏற்றுக்கொண்டது. போர் முடிவதற்குள் ஏறக்குறைய 150,000 சிம்புகள் தயாராயின.

சிம்பில் கற்ற பாடத்தை அவர்கள் நாற்காலியில் பயன்படுத்த விரும்பினர். இருக்கையும் முதுகுச் சாய்வும் ஒரே பலகையாக வளைய வேண்டும் என்பது அவர்களின் ஆசை. மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. இருக்கையும் சாய்வும் சந்திக்கும் மடிப்பில் பலகை விரிசல் விட்டது. அந்த இடத்தில் பிளவுகள் வெட்டிப் பார்த்தனர். அதுவும் நிறைவு தரவில்லை. இறுதியில் ஒன்றை இரண்டாகப் பிரித்தனர். இருக்கைக்கு ஒரு பலகை, சாய்வுக்கு ஒரு பலகை என அமைந்த அந்த நாற்காலி 1946இல் விற்பனைக்கு வந்தது. 1999இல் ‘டைம்’ இதழ் அதனை இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த வடிவமைப்பாகத் தேர்ந்தெடுத்தது.

கைவிடப்பட்ட ஆசையும் வீணாகவில்லை. 1950இல் கண்ணாடியிழையைப் பயன்படுத்தி, இருக்கையும் சாய்வும் ஒரே உருவாக அமைந்த நாற்காலியை அவர்கள் வெளியிட்டனர். முந்திய மாதிரிகள் தோற்றதால்தான் மரப்பலகையால் எது முடியும், எது முடியாது என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

செம்பு கற்பித்த பாடம்

1950களின் இறுதியில் இந்திய அரசாங்கம் ஈம்ஸ் தம்பதியரை அழைத்தது. புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் தொழிற்சாலைப் பொருள்கள் பெருகிவந்தன. அவற்றின் தரம் கெடாமல் காப்பது எப்படி என்று ஆராய்ந்து அறிக்கை தருமாறு அவர்களிடம் கேட்கப்பட்டது. இருவரும் மூன்று மாதங்கள் இந்தியாவில் பயணம் செய்து 1958இல் தங்கள் அறிக்கையை வழங்கினர். அதன் தொடர்ச்சியாக 1961இல் அகமதாபாத் நகரில் தேசிய வடிவமைப்புக் கழகம் தொடங்கப்பட்டது.

அந்தப் பயணத்தில் அவர்கள் பார்த்த பொருள்களுள் மிகவும் வியந்து பாராட்டியது, வீடுதோறும் இருக்கும் செம்பு. செம்பை வடிவமைக்க நினைப்பவர் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அறிக்கையில் வரிசைப்படுத்தினர். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? இடுப்பிலும் தலையிலும் எப்படி நிற்கும்? நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே சமநிலை பெறும்? நீரை ஊற்றும்போது சிந்தாமல் இருக்குமா? கையில் பிடிக்க வாகாக இருக்குமா? கழுவ எளிதா? விலை என்ன? இத்தனை கேள்விகளுக்கும் விடையாக அமைந்த செம்பை ஒரு தனி மனிதர் வடிவமைக்கவில்லை; பல தலைமுறைகள் சேர்ந்து வடிவமைத்தன என்பது அவர்களின் முடிவு.

ஒவ்வொரு தலைமுறையின் செம்பும் அடுத்த தலைமுறைக்கு மாதிரியாக இருந்திருக்கிறது. வாய் குறுகிப்போனால் கழுவ முடியவில்லை என்று அடுத்தவர் சற்று அகலப்படுத்தினார். கழுத்து வழுக்கினால் பிடிக்க ஏதுவாக அடுத்தவர் விளிம்பை வெளியே வளைத்தார். தோட்டத்து வீடுகளில் இன்றும் காணக் கிடைக்கும் பித்தளைச் செம்பை எடுத்துப் பார்த்தால், இந்தக் கேள்விகள் அனைத்தையும் மாணவர் ஒருவர் தாமே சோதித்துப் பார்க்கலாம்.

வரவேற்பறையில் பிறந்த நிறுவனம்

ஈம்ஸ் தம்பதியர் மரத்தோடும் பசையோடும் போராடினர். இன்றைய தலைமுறையில் அதே துணிவோடு கணினியில் தொடங்கிய இணையர் மெலனி பெர்கின்ஸும் கிளிஃப் ஓப்ரெக்டும் ஆவர். மெலனி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வளர்ந்தவர். அவருடைய தந்தை மலேசியாவைச் சேர்ந்த பொறியியலாளர்.

பல்கலைக்கழகத்தில் பயிலும்போது மெலனி சக மாணவர்களுக்கு வடிவமைப்பு மென்பொருள்களைக் கற்பித்தார். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கற்கவே மாணவர்களுக்குப் பல வாரங்கள் ஆவதைக் கண்டார். வடிவமைப்பை எளிதாக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கே பிறந்தது. ஆனால், உலகம் முழுவதற்குமான மென்பொருளை உடனே உருவாக்க இருவரிடமும் பணமோ ஆளோ இல்லை. எனவே, முதலில் சிறிய அளவில் முயன்று பார்த்தனர். 2007இல் மெலனியின் தாயார் வீட்டு வரவேற்பறையில், பள்ளி ஆண்டு மலர்களை இணையத்தில் எளிதாக வடிவமைக்க உதவும் நிறுவனத்தைத் தொடங்கினர். பள்ளிகளோடு பேசுவது, பக்கங்களைச் சரிபார்ப்பது, மலர்களை அச்சிட்டு அனுப்புவது ஆகிய அனைத்தையும் அவர்களே செய்தனர்.

ஆண்டு மலர்த் தொழில், அவர்களின் பெரிய கனவுக்கு ஒரு மாதிரியுருவாக அமைந்தது. அது வெற்றி பெற்ற பிறகும், பெரிய திட்டத்திற்கு முதலீடு கேட்டுச் சென்ற இடங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மறுத்தனர். இறுதியில் கேமரன் ஆடம்ஸ் என்பவரும் இணைய, 2013இல் ‘கான்வா’ என்ற தளம் வெளிவந்தது. மலேசியப் பள்ளிகளில் இன்று ஆசிரியர்களும் மாணவர்களும் அழைப்பிதழும் சுவரொட்டியும் செய்யப் பயன்படுத்தும் தளம் இதுவே. மாதிரியுருப் படங்களை எளிதாக உருவாக்கும் ‘ஸ்மார்ட்மாக்கப்ஸ்’ என்ற நிறுவனத்தையும் 2021இல் கான்வா வாங்கிக்கொண்டது. அதே ஆண்டில் மெலனியும் கிளிஃபும் திருமணம் செய்துகொண்டனர்.

சிறு அளவில் முயன்று பிறகு பெருக்கும் முறைக்குக் கோல சிலாங்கூர் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே, சுமத்ராவிலிருந்து வந்த செம்பனை விதைகளை 1911, 1912ஆம் ஆண்டுகளில் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் முதலில் சிறு அளவில் நட்டார். மரங்கள் செழித்தன. 1917இல், காப்பிப் பயிர் பலன் தராத நிலத்தில் செம்பனையை நட்டு, நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். தமிழ்த் தொழிலாளர் நாவில் பழகிய சொல் அது. நாடு முழுவதும் இன்று பரந்து கிடக்கும் செம்பனைக் காடுகளுக்கு அந்தத் தோட்டமே தொடக்கம்.

இருவர் உழைப்பும் ஒருவர் பெயரும்

தம்பதியராகத் தொழில் செய்வதில் நன்மைகள் பல. ஒருவர் வரைவார், மற்றவர் புதிய கண்ணோடு பார்ப்பார். ஒருவர் வாடிக்கையாளரோடு பேசுவார். மற்றவர் கணக்கைப் பார்ப்பார். ஒரு கை தட்டினால் ஓசை எழாது. ஈம்ஸ் அலுவலகத்திலும் சார்ல்ஸின் கட்டமைப்பு அறிவும், ரேயின் வண்ணத் திறனும் உருவ நுட்பமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எந்தக் கோடு யாருடையது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆனால், ஊரார் எளிதாகப் பிரித்துவிட்டனர். 1946இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர்களின் தளவாடப் பொருள்களைக் காட்சிக்கு வைத்தது. கண்காட்சியின் தலைப்பில் சார்ல்ஸின் பெயர் மட்டுமே இருந்தது. ரேயின் பெயர் இல்லை. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1956இல், அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் இருவரும் தோன்றினர். வெற்றி பெற்ற ஆணுக்குப் பின்னால் நிற்கும் திறமையான பெண் என்ற பொருளில்தான் அங்கும் ரே அறிமுகப்படுத்தப்பட்டார். படுக்கையறைப் பட்டறையில் அச்சின் அருகே அவர் நின்ற இடம், கணவருக்குப் பின்னால் அன்று, பக்கத்தில்.

இந்த அநீதி தொலைதூர நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சிலாங்கூர்த் தோட்டங்களில் கணவனும் மனைவியும் விடியற்காலையில் ஒன்றாகவே பால் மரம் சீவப் புறப்பட்டனர். ஆயினும், 1920களின் இறுதியில் வகுக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கத்தியும் மரமும் ஒன்றுதான். கூலி மட்டும் வேறு. இன்றைய வீட்டுத் தொழில்களிலும் இதன் சாயல் காணப்படலாம். மனைவி இரவு முழுவதும் விழித்துச் செய்த வடிவம் கணவரின் பெயரில் போகலாம். கணவர் அலைந்து பெற்ற வேலை மனைவியின் பெயரில் மட்டும் பதிவாகலாம். தொழில் நன்றாக நடக்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. நோய், கடன், பிரிவு, மரணம் என ஏதேனும் ஒன்று நேரும்போது, பெயர் இல்லாதவர் தம் உழைப்பை மெய்ப்பிக்க வழியின்றி நிற்க நேரிடும்.

இதற்குச் சட்டத்தில் எளிய வழி உண்டு. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்படி, தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். தனி ஒருவரின் தொழிலாகவும் பதியலாம். பங்காளித் தொழிலாகவும் பதியலாம். கணவனும் மனைவியும் பங்காளிகளாகப் பதிந்துகொள்வதற்குத் தடையில்லை. பங்காளிகள் என்றால் இலாபத்தில் மட்டுமன்றிக் கடனிலும் இருவருக்கும் பொறுப்பு உண்டு என்பதையும் அறிந்தே கையொப்பமிட வேண்டும். யாருக்கு எவ்வளவு பங்கு, யார் எதற்குப் பொறுப்பு, வாடிக்கையாளருக்காகச் செய்த வடிவத்தின் உரிமை யாருடையது என்பனவற்றையும் தொடக்கத்திலேயே எழுதி வைப்பது நன்று. நம்பிக்கை இல்லாததால் எழுதுவது அன்று இது. நம்பிக்கை கெடாமல் இருப்பதற்காக எழுதுவது. லேபிளை அச்சிடும் முன் மாதிரி பார்ப்பது போலவே, தொழிலைத் தொடங்கும் முன் அதன் வடிவத்தையும் தாளில் வரைந்து பார்த்துக்கொள்வது இம்முறை.

சார்ல்ஸ் 1978ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் மறைந்தார். ரே அதன் பிறகும் அலுவலகப் பணிகளைக் கவனித்து, அவர்களின் படங்களையும் வரைவுகளையும் மாதிரிகளையும் வகைப்படுத்திப் பாதுகாத்தார். சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1988இல் அதே ஆகஸ்டு 21ஆம் நாளில் அவரும் மறைந்தார். 1999இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவர்களின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தபோது, தலைப்பில் சார்ல்ஸ், ரே என்னும் இரண்டு பெயர்களும் இடம்பெற்றன. 2008இல் அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட அஞ்சல் தலைகளும் இருவரையும் சேர்த்தே சிறப்பித்தன. 1946ஆம் ஆண்டுக் கண்காட்சியில் விடுபட்ட பெயரைத் திரும்ப எழுத நீண்ட காலம் தேவைப்பட்டது.

கோல சிலாங்கூரில் வீட்டு வரவேற்பறையில் கணினியைத் திறந்து உட்காரும் இளந்தம்பதியருக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. புட்டியில் ஒட்டும் லேபிளைப் போலவே, பதிவுப் படிவத்தையும் அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை கவனமாகப் படித்துப் பார்த்தால் போதும். அதில் இரண்டு பெயர்களுக்கு இடம் இருக்கிறது.